ஐந்து பத்துக்குக் கைவேலி: முதல் டிரையத்லானுக்கான 24 வார வகுப்பு பற்றி

நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் அடுத்தடுத்து முடிக்கிற போட்டிதான் டிரையத்லான். முதல் டிரையத்லானுக்கான பயிற்சித் திட்டம் இணையத்தில் காசில்லாமல் கிடைக்கிறது. நான் இரண்டு முறை அச்செடுத்து ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறேன். முதல் தாள் மூன்றாவது வாரத்தோடு நின்றது. இரண்டாவது ஐந்தாவது வாரம் வரை வந்தது. திட்டத்தில் ஒரு தவறும் இல்லை. ஆனால் காலை ஐந்து மணிக்கு அலாரம் அடிக்கும்போது அந்தத் தாள் சமையலறையில் இருக்கும், நான் படுக்கையில் இருப்பேன். நான் எழுந்திருக்கவில்லை என்பது அதற்குத் தெரியாது.

அதனால்தான் 2023 ஆகஸ்ட் கடைசியில் மாதம் 3,500 ரூபாய் கட்டி ஒரு வகுப்பில் சேர்ந்தேன். 24 வாரம், அதன் முடிவில் சென்னையை அடுத்த கோவளம் பக்கம் நடக்கும் சிறிய ஸ்பிரிண்ட் போட்டி. ஸ்பிரிண்ட் என்றால் 750 மீட்டர் நீச்சல், 20 கிலோமீட்டர் சைக்கிள், 5 கிலோமீட்டர் ஓட்டம், எல்லாம் இடைவெளி இல்லாமல். குளத்துக்கான கட்டணம் தனி. போட்டியின் நுழைவுக் கட்டணமும் தனி.

பயிற்சியாளர் விளம்பரம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார், அதனால் வகுப்பின் பெயரை எழுதவில்லை. தென் சென்னையில் இப்படிச் சில வகுப்புகள் இப்போது நடக்கின்றன. எதில் சேர்ந்தாலும் என்ன பார்க்க வேண்டும் என்பதற்கு இது உதவும் என்று நினைக்கிறேன்.

என்னைப் பற்றிக் கொஞ்சம். வயது 43, மடிப்பாக்கத்தில் வீடு, ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை. சொந்த ஊர் சாத்தூர் பக்கம். ஊர்க் கிணற்றில் அண்ணன்மார்கள் குதித்துக் குதித்து நீச்சல் கற்றார்கள். பெண் பிள்ளைகளுக்கு மேலே நின்று துணி அலசுகிற வேலைதான். தண்ணீரில் முகத்தை வைத்ததே 41 வயதில். இதை ஏன் சொல்கிறேன் என்றால், வகுப்பில் சேர்ந்த 19 பேரில் ஏழெட்டுப் பேர் என்னைப் போலத்தான். ஓடத் தெரியும், சைக்கிள் ஓட்டத் தெரியும், நீச்சல் என்றால் பயம்.

முதல் நாள் சார் பெரிய உரை எதுவும் ஆற்றவில்லை. சிஸ்டர் மடோனா பியூடர் என்ற அமெரிக்கக் கன்னியாஸ்திரியைப் பற்றி மட்டும் சொன்னார். 1930இல் பிறந்தவர், முதல் டிரையத்லானில் இறங்கியபோது வயது 52. 2012இல், 82 வயதில், கனடாவில் முழு அயர்ன்மேன் தூரத்தை 17 மணி நேரக் கெடுவுக்குள் முடித்தார். 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் சைக்கிள், அதன் பிறகு ஒரு முழு மாரத்தான். எனக்குப் பக்கத்தில் நின்ற பெரியவர், பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் ஓய்வு பெற்றவர், வயது 61, மெதுவாகச் சொன்னார்: "அப்போ எனக்கு ஒம்போது வருஷந்தாம்மா லேட்டு." அவர்தான் எனக்கு ஜோடியாக அமையப்போகிறார் என்று அப்போது தெரியாது.

இந்த வகுப்பில் நான் காசு கொடுத்தது எதற்கு என்று கேட்டால் அந்த ஜோடிக்குத்தான். சார் ஜோடி சேர்ப்பது வேகத்தைப் பார்த்து இல்லை, வீட்டைப் பார்த்து. யார் வீடு யாருக்குப் பக்கம், காலையில் எந்த முனையில் சந்திக்கலாம், அவ்வளவுதான் கணக்கு. எங்கள் முனை கைவேலி. நேரம் ஐந்து பத்து. அண்ணா (அந்தப் பெரியவரை அப்படித்தான் கூப்பிடுவேன்) ஐந்துக்கே வந்து சைக்கிள் விளக்கை எரியவிட்டு நிற்பார். ஃபோன் பண்ண மாட்டார். அது வகுப்பின் விதி. வர முடியாவிட்டால் முந்தின இரவு ஒன்பதுக்குள் சொல்லிவிட வேண்டும், காலையில் செய்தி அனுப்பக் கூடாது. காலை நாலே முக்காலுக்கு எழுந்து, வர முடியவில்லை என்று சொல்ல வழியே இல்லாமல், இருட்டில் ஒரு 61 வயதுக்காரர் தனியாக நிற்பதை நினைத்தால் கால் தானாகத் தரையில் இறங்கும். 24 வாரத்தில் நான் எழுந்திருக்க மனமே இல்லாத காலைகள் குறைந்தது முப்பது இருக்கும். அவற்றில் பாதிக்கு மேல் அந்த விளக்கு வெளிச்சத்துக்காகத்தான் எழுந்தேன். அண்ணாவும் பிறகு இதையே சொன்னார். நான் வருவேன் என்றுதான் அவர் கிளம்பினாராம்.

அடுத்தது நோட்டு. 80 பக்க நோட்டு ஒன்றை எல்லோருக்கும் கொடுத்தார்கள். ஒவ்வொரு பயிற்சிக்குப் பிறகும் இரண்டே வரி. என்ன செய்தேன் என்று ஒரு வரி, போன தடவையைவிட எது சரியாக வந்தது என்று இன்னொரு வரி. சனிக்கிழமை சார் வாங்கிப் படித்து, சிவப்பு மையில் ஏதாவது எழுதித் தருவார். கையில் வாட்ச் கட்டியிருக்கிறேன், அது தூரம், நேரம், இதயத் துடிப்பு எல்லாம் காட்டும். ஆனால் செப்டம்பர் மாதம் வாட்ச்சைப் பார்த்தால் எனக்கு அழுகைதான் வரும். எங்கள் அலுவலகத்தில் செப்டம்பர் என்றால் டாக்ஸ் ஆடிட் கெடு, 30ஆம் தேதி வரை ராத்திரி பத்து மணிக்குத்தான் வீடு. அந்த மாதம் என் ஓட்டத்தின் வேகம் கூடவே இல்லை, குறைந்தது. நோட்டில் மட்டும் வேறு மாதிரி இருந்தது. செப்டம்பர் 21 அன்று எழுதியது: "3 கி.மீ. மெதுவாக. கடைசியில் தோள் இறுகவில்லை." கீழே சிவப்பில்: "இதுதான் ஓட்டம்." அக்டோபர் 14: "4 நீளம் நிற்காமல். தண்ணீருக்குள் மூச்சை வெளியே விட்டேன்." அதற்குக் கீழே சிவப்பில் இரண்டு கோடு மட்டும். அந்தக் கோடுகளை அன்றைக்கு அலுவலகத்தில் மூன்று முறை எடுத்துப் பார்த்தேன்.

அந்த வரியைக் கொஞ்சம் விளக்க வேண்டும். நீளம் என்றால் குளத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை. பெரியவர்களாகி நீச்சல் கற்பவர்கள் பலர் செய்கிற தவறு, மூச்சை அடக்கிக்கொண்டு நீந்துவது. முகம் தண்ணீருக்குள் இருக்கும்போது மூச்சை வெளியே விடாமல் வைத்திருந்து, தலையைத் திருப்பிய அந்த அரை நொடியில் விடவும் வேண்டும், இழுக்கவும் வேண்டும் என்று பார்ப்போம். முடியாது. ஒரு நீளத்திலேயே நெஞ்சு அடைக்கும். நம் உடம்பில் தெம்பு இல்லை என்று நினைத்துக்கொள்வோம். சார் என்னை இரண்டு வாரம் நீந்தவே விடவில்லை. குளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு முகத்தை வைத்து, வாயாலும் மூக்காலும் குமிழி விட்டு, பக்கவாட்டில் திரும்பி இழுத்து, திரும்பவும் குமிழி. அலுப்பாக இருந்தது. ஆனால் அதன் பிறகு 4 நீளம் 10 ஆனது, 10 நீளம் 18 ஆனது. எங்கள் குளம் 25 மீட்டர். 750 மீட்டர் என்றால் 30 நீளம். நவம்பர் கடைசியில் 30 நீளம் முடித்தேன், நடுவில் இரண்டு முறை நின்றேன்.

மூன்றாவது, பத்து நிமிட விதி. கிளம்பி வந்து பத்து நிமிடம் செய்துவிட்டு, முடியவில்லை என்றால் வீட்டுக்குப் போகலாம். யாரும் கேட்க மாட்டார்கள், வருகைப் பதிவும் உண்டு. நான் அப்படித் திரும்பிப் போனது மூன்று முறை மட்டுமே. ஒரு நாள் மாதவிடாய் வலி, ஒரு நாள் காய்ச்சல் வருவது போல் இருந்தது, ஒரு நாள் காரணமே இல்லை. காரணமில்லாத அந்த நாளிலும் சார் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. விதியை எழுதி வைப்பது யாருக்கும் எளிது, ஆனால் அன்றைக்கு அப்படி நடந்துகொண்டாரே, அதனால்தான் அந்த விதியை நான் நம்பினேன்.

பத்தாவது வாரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பயிற்சியே கிடையாது. ஓட்டப் பந்தயம் ஒன்றில் தண்ணீர் கொடுக்கும் வேலைக்கு எங்களை அனுப்பினார்கள். எல்லோரும் போன பிறகும் மேசையை எடுக்கக் கூடாது, கடைசி ஆள் வரும் வரை நிற்க வேண்டும் என்று கண்டிப்பு. கடைசியாக வந்தவர் ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும் ஓர் அம்மா, சல்வார் கமீஸில், வேக நடையில். குளுக்கோஸ் தண்ணீர் வாங்கிக்கொண்டு "தேங்க்ஸ் கண்ணு" என்று சொல்லிவிட்டு நடந்தார். கடைசியாக வருவது அவமானம் என்ற என் பயம் அன்றைக்கு முக்கால்வாசி போய்விட்டது.

அப்புறம் டிசம்பர் வந்தது. 2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயல் மழை. எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். கீழ் வீட்டுக்காரர்கள் எங்கள் வீட்டு ஹாலில் மூன்று நாள் இருந்தார்கள். மின்சாரம் இல்லை, ஃபோனில் சார்ஜ் இல்லை. பயிற்சி என்ற நினைப்பே மனதில் இல்லை. தண்ணீர் வடிந்த பிறகும் இல்லை. வீட்டைக் கழுவி, நனைந்த மெத்தையைத் தூக்கிப் போட்டு, பையனின் புத்தகங்களை மொட்டை மாடியில் காயவைத்து, இப்படியே நாட்கள் போயின. பன்னிரண்டு நாள் ஓடவும் இல்லை, நீந்தவும் இல்லை. சரி, இந்த முறை பதினைந்தாவது வாரத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

ஃபோன் திரும்ப வேலை செய்த அன்று சாரிடமிருந்து அழைப்பு. "மேடம், பால் கிடைக்குதா? குடிக்கிற தண்ணி இருக்கா?" அவ்வளவுதான் கேட்டார். பயிற்சி பற்றி ஒரு வார்த்தை இல்லை. 19 பேரில் அப்போது மீதியிருந்த 13 பேரையும் அப்படி அழைத்துக் கேட்டிருக்கிறார். இரண்டு நாள் கழித்து அண்ணா கைவேலியிலிருந்து இரண்டு கேன் தண்ணீரைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு எங்கள் தெருவுக்கு வந்தார். போகும்போது, "ஞாயித்துக்கெழம சும்மா நடக்கலாமாம்மா? ஓட வேணாம்" என்றார். அந்த ஞாயிறு பள்ளிக்கரணை வரை நடந்தோம். ரோட்டோரம் வீணாய்ப்போன சோபாக்களும் துணிகளும் குவிந்து கிடந்தன. இருவரும் அதிகம் பேசவில்லை. வீட்டுக்கு வந்து நோட்டை எடுத்தேன். அட்டை நனைந்து உப்பியிருந்தது. "40 நிமிட நடை" என்று எழுதினேன். இரண்டாவது வரி எழுதத் தெரியவில்லை, விட்டுவிட்டேன். சனிக்கிழமை சார் அந்த வெற்று வரிக்கு எதிரே ஒரு டிக் போட்டிருந்தார்.

சார் மீதி ஒன்பது வாரத்துக்கான அட்டவணையைப் புதிதாக எழுதினார். விட்டுப்போனதைச் சேர்த்துச் செய்யச் சொல்லவில்லை. முதல் வாரம் பாதி அளவு, அடுத்தது முக்கால், அதற்கடுத்துத்தான் முழுசு. இணையத்திலிருந்து எடுத்த தாளாக இருந்தால் நான் பதினாறாவது வாரத்தின் கட்டத்தைப் பார்த்து மலைத்து நின்றிருப்பேன்.

இனி குறைகள். இவற்றைச் சாரிடமே நேரில் சொல்லிவிட்டேன்.

முதல் இரண்டரை மாதம் ஞாயிறு இரவு வாட்ஸ்அப் குழுவில் ஒரு பட்டியல் வரும். யார் எவ்வளவு வேகம், முதலிலிருந்து கடைசி வரை. போட்டவர் உதவிப் பயிற்சியாளர், நல்ல நோக்கத்தோடுதான். ஆனால் முதல் ஐந்து பேருக்குத்தான் அது உற்சாகம். எனக்கு எப்போதும் 16ஆம் இடம், 17ஆம் இடம். திங்கட்கிழமை காலை எழுவது மற்ற நாட்களைவிடக் கடினமாக இருந்ததற்கு அந்தப் பட்டியல்தான் காரணம் என்று எனக்கே தாமதமாகத்தான் புரிந்தது. வகுப்பைவிட்டு முதலில் போனவர்கள் எல்லோரும் பட்டியலின் கீழ்ப் பாதியில் இருந்தவர்கள். நவம்பரில் நானும் இன்னொரு பெண்ணும் பேசினோம். சார் கேட்டுக்கொண்டார். அதன் பிறகு வேகத்துக்குப் பதில், அந்த வாரம் எத்தனை நாள் வந்தோம் என்ற எண்ணிக்கை மட்டும் வந்தது. இதை முதல் நாளே செய்திருந்தால் இன்னும் நாலு பேர் மிஞ்சியிருப்பார்கள். கடைசியில் போட்டியில் நின்றது 11 பேர்.

இரண்டாவது, சைக்கிள். விலை உயர்ந்த ரோடு பைக் வாங்கினால்தான் முடியும் என்பது போல ஒரு பேச்சு வகுப்பில் உண்டு. ஒருவர் 85,000 ரூபாய்க்குத் தவணையில் வாங்கினார். முதல் போட்டிக்கு இது தேவையே இல்லை. நான் 14,000 ரூபாய்க்குப் பழைய கியர் சைக்கிள் ஒன்றை வாங்கி, டயரை மட்டும் மெல்லியதாக மாற்றினேன். ஹெல்மெட் நல்லதாக வாங்குங்கள், சீட் உயரத்தைத் தெரிந்தவரிடம் சரிபார்த்துக்கொள்ளுங்கள், பஞ்சர் ஒட்டாமல் டியூபை மாற்றக் கற்றுக்கொள்ளுங்கள். போட்டியில் வெளியாள் யாரும் உதவக் கூடாது என்பதால் அந்தக் கடைசி வேலை கட்டாயம் தெரிய வேண்டும். பேட் வைத்த அரைக்கால் சட்டைக்குச் செலவு செய்யலாம், அது இல்லாமல் 20 கிலோமீட்டர் உட்கார முடியாது.

மூன்றாவது குறைதான் பெரியது. காயம் பற்றி வகுப்பில் யாருக்கும் சரியான அறிவு இல்லை. ஜனவரியில் எனக்கு முழங்காலுக்குக் கீழே, எலும்பை ஒட்டி வலி. "ரெஸ்ட் எடுங்க" என்பதுதான் பதில். எத்தனை நாள், அதற்குள் என்ன செய்யலாம், எப்போது டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று சொல்ல ஆள் இல்லை. நானே ஒரு பிசியோதெரபிஸ்டிடம் போனேன். ஓட்டத்தின் அளவைச் சட்டென்று கூட்டியதுதான் காரணம் என்றும், பத்து நாள் ஓட்டத்தை நிறுத்திச் சைக்கிளும் நீச்சலும் தொடரலாம் என்றும், கெண்டைக்காலுக்குச் சில பயிற்சிகளும் சொன்னார். மாதம் 3,500 ரூபாய் வாங்கும் இடத்தில் மாதத்துக்கு ஒரு நாளாவது ஒரு பிசியோதெரபிஸ்ட் வந்து பார்க்க வேண்டும்.

கடலில் நீந்தியதும் போதாது. மொத்தம் மூன்றே முறை, அதுவும் ஜனவரியில். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் எங்கள் கடலில் இறங்க முடியாது என்பது உண்மைதான். அப்படியென்றால் வகுப்பை வேறு மாதத்தில் தொடங்கலாமே. ஆனால் அந்த மூன்று முறையும் பாதுகாப்பு நன்றாக இருந்தது. இரண்டு கயாக், குப்பத்து மீனவர் ஒருவரின் ஃபைபர் படகு. ஒரு நாள் அவர் கரையில் நின்று கடலைப் பார்த்துவிட்டு, "இன்னைக்கு இழுக்குது சார், வேணாம்" என்றார். அத்தனை பேரும் உடை மாற்றித் தயாராக இருந்தோம். சார் மறுபேச்சுப் பேசாமல் எங்களைத் திருப்பி அனுப்பினார். அன்றைக்குக் கோபம் வந்தது. இப்போது அவர் மேல் மரியாதைதான்.

சைக்கிளில் இருந்து இறங்கிய உடனே ஓடும் பயிற்சிக்கு பிரிக் என்று பெயர். அக்கரையிலிருந்து முட்டுக்காடு பாலம் வரை போய்த் திரும்புவோம். திரும்பும்போது எதிர்க்காற்று முகத்தில் அறையும். இறங்கி ஓட ஆரம்பித்தால் தொடை நம்முடையதாகவே இருக்காது, யாரோ மரக்கட்டையைக் கட்டிவிட்டது போல் இருக்கும். ஏழெட்டு நிமிடத்தில் சரியாகிவிடும். இதை ஆறு முறை செய்து பார்த்திருந்ததால் போட்டி நாளில் பயப்படவில்லை. வகுப்பு சரியாகச் செய்த இன்னொரு காரியம் இது.

பிப்ரவரி இரண்டாம் வாரம் போட்டி. நீச்சலில் மிதவையை நெருங்குவதற்குள் யாரோ கால் என் தோளில் பட்டு, தண்ணீர் குடித்து, மூச்சு தடுமாறியது. கயாக்கைப் பிடித்துக்கொண்டேன். பிடித்துக்கொண்டு முன்னே நகரக் கூடாது, ஆனால் பிடித்து நின்று மூச்சு வாங்கலாம், விதியில் அதற்கு இடமுண்டு. இதைச் சார் பத்து முறையாவது சொல்லியிருப்பார். முகத்தை வைத்துக் குமிழி விட்டேன், விளிம்பைப் பிடித்து இரண்டு வாரம் செய்தது போலவே. பிறகு போனேன். நீச்சல் 27 நிமிடம், சைக்கிள் 56, ஓட்டம் 42, இடையில் உடை மாற்றிய நேரம் சேர்த்து 2 மணி 14 நிமிடம். ஹெல்மெட் வாரைப் பூட்டிய பிறகுதான் சைக்கிளைத் தொட வேண்டும் என்பது மட்டும் அந்தப் பதற்றத்திலும் மறக்கவில்லை. அண்ணா எனக்கு ஆறு நிமிடம் முன்னால் முடித்துவிட்டு, முடிவுக் கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தார். கையில் சைக்கிள் விளக்கு இல்லை, ஒரு வாழைப்பழம் இருந்தது.

ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். பிசியோதெரபிஸ்டும் கடல் நாட்களும் சேர்ந்தால் ஐந்து. நீச்சல் ஏற்கெனவே நன்றாகத் தெரிந்து, நேரத்தைக் குறைப்பதுதான் நோக்கம் என்றால் இந்த வகுப்பு உங்களுக்குப் போதாது, வேகத்துக்கென்று இங்கே எதுவும் சொல்லித் தருவதில்லை. என்னைப் போல ஃபிரிட்ஜில் தாள் ஒட்டி நின்றுபோனவர் என்றால், சேருவதற்கு முன் ஒரு சனிக்கிழமை குளத்துக்குப் போய் ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். ஏழு மணிக்குச் சார் நோட்டுகளைத் திருப்பிக் கொடுப்பார். வாங்கியவர்கள் முதலில் எந்தப் பக்கத்தைத் திறக்கிறார்கள் என்று கவனியுங்கள். எங்களுக்கு அடுத்த வகுப்பு ஜூனில் தொடங்கும் என்று சொன்னார்கள். மழைக்கு முன்பே கடலில் இறங்க வேண்டும் என்று நாங்கள் கேட்டதற்காக மாற்றிய தேதி அது.